தோல் பதனிடுகிறவன் வீடும் தூரதேச யாத்திரையும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளிலுள்ள நம் சபைகளில் தூரதேச யாத்திரை பற்றிய பேச்சு அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. எருசலேமுக்குச் செல்லும் கிறிஸ்தவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011ஆம் ஆண்டு அறிவித்தது. தொடக்கத்தில் 500 பேருக்குத் தலைக்கு 20,000 ரூபாய் என்றிருந்த இவ்வுதவி, பின்னர் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பயண ஏற்பாட்டாளர்களோ திருநாட்டோடு நில்லாமல் ரோமாபுரி, அசிசி, லூர்து ஆகிய கத்தோலிக்கத் திருத்தலங்களையும், ஐரோப்பாவின் பழம்பெரும் கட்டடங்களையும் ஒரே நிரலில் சேர்த்து வைக்கின்றனர். போதகரே குழுவின் தலைவராகச் செல்லும்படி அழைக்கப்படுவதும் உண்டு. 2023 அக்டோபரில் மூண்ட போர் இத்தகைய திட்டங்கள் பலவற்றைக் குலைத்தது. குலைந்த திட்டத்தை மறுபடியும் தீட்டுமுன், அதன் அடிப்படையை ஆராய்ந்து பார்ப்பது நலம்.

சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் கத்தோலிக்கத் திருத்தலங்களுக்கு யாத்திரை போகலாமா? இக்கேள்விக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. அது விக்கிரக ஆராதனைக்கு ஒப்பாகும் என்பது ஒன்று. அது வெறும் சுற்றுலாதானே, அதில் இறையியலுக்கு என்ன வேலை என்பது மற்றொன்று. முதலாவது விடை அண்டை வீட்டாரை அறியாமற் கூறுவது. இரண்டாவது நம்மை நாமே அறியாமற் கூறுவது. யாத்திரையின் வரலாற்றை நோக்குவோமாயின் இவ்விரண்டினும் ஆழமான ஒரு கேள்வி நம்முன் வந்து நிற்பதைக் காண்போம்.

1. ஆதித் திருச்சபையில் எழுந்த வழக்கு

கான்ஸ்டன்டைன் பேரரசனின் தாய் எலேனா, கி.பி. 326ஆம் ஆண்டையொட்டித் திருநாட்டுக்குச் சென்றார். 333இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகரிலிருந்து பெயர் தெரியாத ஒருவர் எருசலேம்வரை சென்று, வழியிலிருந்த ஊர்களையும் குதிரை மாற்றும் இடங்களையும் தூரத்தோடு குறித்து வைத்தார். இன்று நம் கையிலுள்ள கிறிஸ்தவ யாத்திரைக் குறிப்புகளில் மிகப் பழையது அதுவே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண்மணி, எருசலேம் சபையின் வழிபாட்டு முறைகளை நுணுக்கமாக எழுதிவைத்தார். பரிசுத்த வாரத்தின் பழைய ஒழுங்குகளை இன்று வழிபாட்டியல் மாணவர் கற்பது பெரும்பாலும் அவருடைய எழுத்தின் வாயிலாகவே.

யாத்திரையைப் பற்றிய ஐயமும் அக்காலத்திலேயே எழுந்தது. நீசா நகர்க் கண்காணியாராகிய கிரகோரியார் எருசலேமுக்குச் சென்று திரும்பியவர். அவர் எழுதிய கடிதம் ஒன்றில், இடம் மாறுவதனால் எவரும் தேவனுக்கு அருகில் வருவதில்லை என்றும், புனித நகரிலும் களவும் கொலையும் விபசாரமும் மலிந்திருக்கக் கண்டதாகவும் குறிப்பிடுகிறார். பெத்லெகேமிலேயே குடியேறி வாழ்ந்த எரோனிமுவும் நண்பர் ஒருவருக்கு எழுதுகையில், பரலோகத்தின் வாசல் எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் சமமாகவே திறந்திருக்கிறது என்னும் கருத்தைத் தெரிவித்தார். ஆகவே யாத்திரையைக் கேள்விக்குட்படுத்தியவர் சீர்திருத்தக்காரரே என்று எண்ணுவது தவறு. போய் வந்தவர்களே முதலில் ஐயம் எழுப்பினார்கள்.

2. புறப்படுமுன் கணக்குத் தீர்த்தல்

இடைக்காலத்தில் எருசலேம், ரோமாபுரி, ஸ்பெயின் நாட்டின் சந்தியாகு ஆகிய மூன்றும் பெரும் யாத்திரைத் தலங்களாயின. அக்காலத்து யாத்திரிகர் செய்த முன்னேற்பாடுகளை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அவர் முதலில் தம் கடன்களை அடைத்தார். தாம் அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார். பகைத்தவரோடு ஒப்புரவானார். திரும்பி வாராமற் போகக் கூடுமாதலால் மரண சாசனம் எழுதி வைத்தார். குருவிடம் பாவ அறிக்கை செய்து அனுமதி பெற்றார். அதன்பின்னரே அவருடைய பையும் கோலும் ஆலயத்தில் ஆசீர்வதிக்கப்பட்டன. அவர் இல்லாத காலத்தில் அவருடைய நிலத்தையும் வீட்டையும் திருச்சபை தன் பாதுகாப்பில் வைத்துக்கொண்டது.

இந்த ஒழுங்கு எக்காலத்தும் செம்மையாய்க் கடைப்பிடிக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. பதினைந்தாம் நூற்றாண்டளவில் யாத்திரை ஒரு வாணிபமாகவும் வளர்ந்துவிட்டது. உல்ம் நகரத்து தொமினிக்கத் துறவி பெலிக்ஸ் பாப்ரி 1480இலும் 1483இலும் வெனிஸ் துறைமுகத்திலிருந்து திருநாட்டுக்குக் கப்பலேறினார். கப்பல் தலைவனோடு யாத்திரிகர் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தை அவர் பதிவு செய்துள்ளார். நாளொன்றுக்கு எத்தனை வேளை உணவு, எவ்வெவ் இடங்களுக்கு அழைத்துச் செல்லவேண்டும், சுங்கமும் காவற்கட்டணமும் யார் பொறுப்பு என்பவையெல்லாம் அதில் அடங்கும். இன்றைய பயண நிரலுக்கு அது மூதாதை எனலாம். அவர் கரையிறங்கிய இடம் யோப்பா. அங்கே இறங்கிய யாத்திரிகர் யாவரும் பெயர் எழுதப்பட்டு, இடிந்து துர்நாற்றம் வீசிய நிலவறைகளில் தங்கவைக்கப்பட்டனர். அவ்வறைகளுக்குப் பேதுருவின் பெயரே வழங்கிற்று. இந்த யோப்பாவுக்கு நாம் மறுபடியும் வருவோம்.

3. லுத்தரின் இரண்டு மறுப்புகள்

அகுஸ்தீன் சபைத் துறவியாயிருந்த மார்ட்டின் லுத்தர், தம் சபையின் காரியமாக ரோமாபுரிக்குக் கால்நடையாகச் சென்றார். 1510–11ஆம் ஆண்டுக் குளிர்காலம் என்பது வழக்கமான கணிப்பு. ஓராண்டு பிந்தியது என்பாரும் உளர். பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தபடி, நகரின் தலங்களையெல்லாம் அவர் ஓடி ஓடித் தரிசித்தார். தம் பெற்றோர் இன்னும் உயிரோடிருக்கின்றனரே, இல்லையேல் அவர்களை உத்தரிக்கும் ஸ்தலத்திலிருந்து மீட்டிருக்கலாமே என்றுகூட வருந்தினார். பரிசுத்த படிகள் எனப்படும் 28 படிகளில் தம் பாட்டனாரின் ஆத்துமாவுக்காக முழந்தாளில் ஏறி, உச்சியை அடைந்தபோது இதெல்லாம் மெய்தானா என்னும் ஐயம் தம்முள் எழுந்தது என்றும் அவர் கூறியுள்ளார்.

1520ஆம் ஆண்டு ஜெர்மன் தேசத்துப் பிரபுக்களுக்கு அவர் எழுதிய நூலில் யாத்திரை பற்றிய பகுதி ஒன்று உண்டு. அதில் இரண்டு மறுப்புகள் பின்னிக் கிடக்கின்றன. யாத்திரை ஒரு நற்கிரியை, அதனால் புண்ணியம் சேரும் என்னும் எண்ணம் பொய் என்பது முதல் மறுப்பு. 1530இல் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் இருபதாம் பிரிவும், யாத்திரைகளைத் தேவையற்ற கிரியைகளின் வரிசையில் வைத்தது. இம்முதல் மறுப்பை நாம் நன்றாகவே மனப்பாடம் செய்திருக்கிறோம்.

இரண்டாவது மறுப்பை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஒருவன் ஐம்பது, நூறு பொற்காசுகளைச் செலவிட்டு ரோமாபுரிக்குப் போகிறான். அப்படிப் போகும்படி தேவன் அவனுக்குக் கட்டளையிடவில்லை. ஆனால் தேவன் அவனிடம் ஒப்படைத்த மனைவியும் பிள்ளைகளும் அயலானும் வீட்டில் குறைவோடிருக்கின்றனர். இதுவே லுத்தர் காட்டும் காட்சி. ஆகையால் ஒருவன் புறப்படுமுன் அவனுடைய போதகரோ நகர ஆட்சியோ தலைவனோ அவன் போகும் காரணத்தை ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். பயணத்தையே அவர் முற்றிலும் தடை செய்யவில்லை. உலகத்தைக் காணும் ஆவலினால் போகிறவனை, அவ்வாறு வெளிப்படையாகச் சொல்லிப் போக விட்டுவிடலாம் என்பது அவர் நிலை.

முதல் மறுப்பு விசுவாசத்தைப் பற்றியது; இரண்டாவது அயலானைப் பற்றியது. இடைக்கால யாத்திரிகர் கடன் தீர்த்துப் புறப்பட்ட ஒழுங்கில் நல்லதாயிருந்தது எதுவோ, அதையே லுத்தரின் இரண்டாவது மறுப்பு காப்பாற்றுகிறது. நாமோ புண்ணியக் கணக்கை ஒழித்தபோது, கடன் கணக்கையும் அதனோடு சேர்த்து மூடிவைத்துவிட்டோம்.

4. அளவுகோலுடன் திரும்பியோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீர்திருத்த சபையார் திருநாட்டுக்கு மீண்டும் திரளாகச் சென்றனர். அமெரிக்க திருமறை அறிஞர் எட்வர்ட் ராபின்சன் 1838இல் அங்கு பயணம் செய்து, ஊர்ப் பெயர்களையும் நிலத்தையும் ஆராய்ந்து 1841இல் தம் நூலை வெளியிட்டார். துறவிகள் காட்டிய இடங்களை அவர் எளிதில் நம்பவில்லை. அதே 1841இல் ஆங்கிலேயரும் பிரஷ்யரும் கூடி எருசலேமில் ஒரு கண்காணியாரை நியமித்தனர். 1869இல் தாமஸ் குக் தம் முதல் திருநாட்டுச் சுற்றுலாவை நடத்தினார். 1898 அக்டோபர் 31ஆம் நாள், சீர்திருத்த நினைவு நாளிலேயே, எருசலேமின் லுத்தரன் மீட்பர் ஆலயம் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் முன்னிலையில் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இவர்கள் எவரும் தம்மை யாத்திரிகர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கினர். ஆராய்ச்சியாளர், பயணியர் என்றே கூறிக்கொண்டனர். ஆயினும் கலிலேயாக் கடலோரத்தில் அவர்களும் கண்ணீர் விட்டனர். பெயரை மாற்றிக்கொண்டு யாத்திரை நம் சபைகளுக்குள் திரும்பி வந்தது. ஆனால் அனுமதி கேட்பதும், கடன் தீர்ப்பதும், ஒப்புரவாவதும் அதனோடு திரும்பி வரவில்லை.

5. வட ஆர்க்காட்டுக்கு வந்த லூர்து

நம் பகுதிக்கு வருவோம். 1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை, பிரான்சின் லூர்து நகரில் பெர்னதெத் என்னும் பதினான்கு வயதுச் சிறுமி, தான் ஒரு பெண்ணுருவின் காட்சியைப் பதினெட்டு முறை கண்டதாகக் கூறினாள். ஆலைத் தொழில் நொடித்துப்போய், கைவிடப்பட்ட சிறைக்கூடத்து அறையொன்றில் குடியிருந்த ஏழைக் குடும்பம் அவளுடையது. இருபது ஆண்டுகளுக்குள் அவ்வூரின் பெயர் தமிழ்நாட்டின் கரையை எட்டிவிட்டது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1877இல் லூர்து மாதாவின் திருவுருவம் வைக்கப்பட்டது. அன்றைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த சேத்துப்பட்டில், பிரெஞ்சு நாட்டுப் பாரிஸ் வேதபோதக சபைக் குருவாகிய தாராஸ் அடிகளார் லூர்து அன்னையின் பெயரால் பெரியதோர் ஆலயம் எழுப்பினார். லூர்துக்குச் செல்ல இயலாத எளிய மக்களுக்காக லூர்தே இங்கு வந்தது என்று கத்தோலிக்கர் கொள்வர்.

இந்த ஆலயத்தின் பின்னணியில் 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் நிற்கிறது. வட ஆர்க்காட்டின் ஒடுக்கப்பட்ட மக்கள் அக்காலத்தும் அதன் பின்னரும் ஊர் ஊராகத் திருச்சபையை நாடினர். தாராஸ் அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றோர் பல்லாயிரவர். 1853இல் ஸ்கடர் சகோதரரால் தொடங்கப்பெற்ற ஆர்க்காட்டு மிஷனிலும் அக்காலத்தில் கிராமங்கள் பல சேர்ந்தன. கத்தோலிக்கரிடம் போனவர்களை நம்மவர் ‘சோற்றுக் கிறிஸ்தவர்’ என்றனர். நம்மிடம் வந்தவர்களையும் பிறர் அவ்வாறே அழைத்தனர். பசித்தவன் உணவிட்டவனை நம்பியதில் குறைகாண்பவர் யாராயிருந்தாலும், அவர் அந்நாளில் பசித்திருந்தவர் அல்லர். சேத்துப்பட்டில் ஒரு முறையேனும் நின்று பாராமல் லூர்துக்குப் பயணச்சீட்டு வாங்கும் நம் சபையார், தம் அண்டை வீட்டின் வரலாற்றைக் கடந்து பிரான்சுக்குப் போகின்றனர்.

பிணியாளர் யாத்திரை என்னும் பொருளிலும் நம் பகுதிக்குத் தனி இடம் உண்டு. லூர்தில் குணமானதாகச் சொல்லப்படுவோரை ஆராய 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இயங்கி வருகிறது. இலட்சக்கணக்கான பிணியாளர் சென்றும், திருச்சபை அற்புதம் என்று ஏற்ற குணமாதல்கள் எழுபதைச் சற்றே தாண்டியவையே. இந்த நிதானத்தை நம் சுகமளிக்கும் கூட்டங்களை நடத்துவோர் கவனிப்பது நன்று. வேலூருக்கோ, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் தொடங்கிய மருத்துவப் பணியின் காரணமாக, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் பங்களாதேசத்திலிருந்தும் பிணியாளர் பல நாள் இரயிலில் பயணம் செய்து வருகின்றனர். யாத்திரையை மறுத்த நம் முன்னோர், தாம் அறியாமலே ஓர் யாத்திரைத் தலத்தை நிறுவினர் என்று சொல்லத் தோன்றுகிறது. நாம் தூரதேசம் போகத் திட்டமிடும் அதே தெருவில், தூரதேசத்தார் நம்மை நாடி வந்து, வாடகை அறை தேடி நிற்கின்றனர்.

ஆம்பூருக்கும் இத்தகைய தொடர்பு ஒன்று உண்டு. மிசௌரி லுத்தரன் அருட்பணி 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கி நம் பகுதியில் விரிந்தது. அதன் பயனாக ஆம்பூரில் எழுந்த மருத்துவமனைக்குப் பெதஸ்தா என்று பெயரிட்டனர். யோவான் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் அக்குளத்தின் இடிபாடுகள் எருசலேமில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவை இருப்பது, வெண்குருக்கள் எனப்படும் கத்தோலிக்கத் துறவு சபையாரின் பொறுப்பிலுள்ள புனித அன்னாள் ஆலய வளாகத்தில். ஆம்பூர் சபையார் அங்கு நிற்கும்போது, தம் ஊர் மருத்துவமனையின் பெயர்க் காரணத்தைக் கத்தோலிக்கர் காத்து வைத்த கற்களிடையே காண்கின்றனர்.

6. கடலோரத்து வீடு

இனி யோப்பா. அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா, பேதுரு அங்கே தங்கிய வீட்டைப் பற்றிப் பேசுகையில் மூன்று இடங்களில் வீட்டுக்காரனின் தொழிலைச் சொல்கிறார். அவன் தோல் பதனிடுகிறவனாகிய சீமோன். வீடு கடலோரத்தில் இருந்தது என்பதையும் இரு முறை குறிக்கிறார். தோல் பதனிடத் தண்ணீர் மிகுதியாக வேண்டும். நாற்றத்தின் காரணமாக அத்தொழில் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டது. தோற்கூடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் தள்ளி, கிழக்குப் புறத்திலேயே இருக்கவேண்டும் என்று யூத மிஷ்னா விதிக்கிறது. தோல் பதனிடுபவனின் மனைவி அத்தொழிலின் பொருட்டே விவாகரத்துக் கேட்கலாம் என்றும் அதில் உண்டு.

அத்தகைய வீட்டின் மேல்மாடியில்தான் பேதுரு நண்பகலில் தரிசனம் கண்டார். தீட்டானதைத் தாம் ஒருபோதும் உண்டதில்லை என்று மறுத்தபோது, அவர் காலடியில் செத்த மிருகங்களின் தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன. புறஜாதியாருக்குத் திருச்சபையின் கதவு திறந்தது அந்தக் கூரையின்மேல். பேதுருவின் பெயரால் ரோமாபுரியில் உலகின் மாபெரும் ஆலயம் நிற்கிறது. யோப்பாவிலும் அவர் பெயரால் பிரான்சிஸ்கன் துறவியரின் ஆலயம் ஒன்று உள்ளது. அதற்கு அண்மையில், சீமோனின் வீடு என்று மரபாகக் காட்டப்படும் பழைய வீடோ தனியார் வீடாகப் பூட்டிக் கிடப்பது. பயண நிரல்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை.

ஆம்பூரிலிருந்து செல்வோர் அதைக் கண்டுகொள்ளாமல் வரலாகாது. நம் பகுதியில் தோலும் காலணியும் உருவாக்கும் கைகளில் மிகுதியானவை ஒடுக்கப்பட்ட மக்களின் கைகள். அவர்களுள் பலர் நம் சபைகளின் அங்கத்தினர். இங்கு தைத்த காலணிகள் ஐரோப்பிய நகரங்களில் விற்கப்படுகின்றன. பாலாறோ தோற்கழிவினால் கெட்டது. இதனைக் குறித்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்புக் கூற நேர்ந்தது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர் உறங்கிய இடத்திலேயே மாண்டனர். சீமோனின் வீட்டை நாம் காண நெடுந்தூரம் பறக்க வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் அது இருக்கிறது. அங்கு தங்கச் சம்மதித்த அப்போஸ்தலரைத்தான் நம்மிடையே காணோம்.

7. போதகர் செய்யத்தக்கவை

நம் ஊர் இஸ்லாமியத் தோல் வணிகர் ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் கடன்களைத் தீர்த்து, உறவினரிடமும் அயலாரிடமும் மன்னிப்புக் கேட்டுச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். இடைக்காலக் கிறிஸ்தவர் செய்ததும் ஏறத்தாழ அதுவே. நமக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை.

யாத்திரைக் குழு புறப்படுமுன் போதகர் ஒவ்வொருவரையும் தனித்துச் சந்தித்து, லுத்தர் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்கவேண்டும்: வீட்டில் யார் குறைவோடிருக்கின்றனர்? கடன் வாங்கிச் செல்லும் ஏழைக்கு, இப்பயணம் இரட்சிப்புக்குத் தேவையன்று என்று அன்போடு எடுத்துரைக்க வேண்டும். வசதியுள்ளவரிடம், அவர் தரவேண்டிய கூலிபாக்கி யாதேனும் உண்டோ என்று கேட்கத் துணியவேண்டும். குழு முதலில் ஒரு நாள் சேத்துப்பட்டுக்குச் சென்று, அங்குள்ள கத்தோலிக்கரிடம் அவர்களுடைய வரலாற்றைக் கேட்டு வரலாம். பாவத்தண்டனைக் குறைப்பாகிய பலனை 2025ஆம் ஆண்டு யூபிலியிலும் ரோமாபுரி அறிவித்தது. இதில் நாம் ஒன்றுபட இயலாது என்பதை மறைக்க வேண்டாம். 1999 அக்டோபர் 31ஆம் நாள் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையொப்பமிட்ட கூட்டறிக்கையையும் மறைக்க வேண்டாம். திருநாட்டில் கற்களைக் காண்பதோடு, போரினால் நலிந்த அந்நாட்டுக் கிறிஸ்தவர்களோடு ஓர் ஆராதனையிலேனும் கலந்துகொள்ள இடம் வைக்கவேண்டும். பயண நிரலில் யோப்பாவுக்கு ஒரு மணி நேரம் கேட்டுப் பெறவேண்டும்.

திரும்பி வந்தபின் சபையில் சாட்சி சொல்வது வழக்கம். யோர்தான் தண்ணீரும் ஒலிவமரச் சிலுவையும் அப்போது கையளிக்கப்படும். அந்த ஞாயிறு ஆராதனைக்கு, சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்து கைகள் வெடித்த ஒரு சகோதரரும் வந்திருப்பார். அவருடைய வீட்டுக்குச் சென்று ஒரு வேளை உண்டு வந்தவரே யோப்பாவைக் கண்டவர் என்று நாம் துணிந்து கூறலாம்.